பாலுவைக் கூப்பிடும் குரல்

சேலையூர்
ஜூன் 14

அன்புத் தம்பி பாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் பிளஸ்ஸியும் நலமா? உன் முழங்கால் மாடிப்படி ஏறச் சம்மதிக்கிறதா? இங்கே உன் மாமா சௌக்கியம். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. இன்னும் காலையில் எழுந்ததும் டிபன் பாக்ஸைத் தேடுகிறார்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். தொண்டை டாக்டர், "மைக்கைத் தவிர வேறெங்கும் பேசாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அதனால் உன்னோடு இனி எழுத்துதான். வாத்தியாருக்குக் கடிதம் எழுதினால் பிழை திருத்தி அனுப்புவாயோ என்று ஒரு பயம்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. கேள். சினிமா டப்பிங் இல்லை, கட்சி விளம்பரம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சாதனை சொல்வார்களே, அதற்கு ஓர் அம்மா குரல் வேண்டுமாம். ஆறு படம் எடுத்த தயாரிப்பாளர் அப்பாதுரை கட்சியிலும் பெரிய ஆள். அவரே ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். என் கையில் கொடுத்த காகிதத்தில் எட்டே வார்த்தை: "எங்க தெருவுல தினமும் குழாயில தண்ணி கொட்டுது, மனசு குளிருது."

நான் மைக் முன்னால் நின்றேன். வாய் திறந்தேன். வரவில்லை, பாலு.

"இன்னாம்மா, எழுத்து தெரியலையா?" என்றார்.

"எழுத்து நல்லாத் தெரியுது சார். முப்பத்தெட்டு வருஷமா பொய்யா அழுதிருக்கேன், பொய்யா செத்திருக்கேன். இது மட்டும் வர மாட்டேங்குது. எங்க தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருதரம் லாரி வருது. நான் இதைப் பேசினா, குடத்தோட நிக்கிற கூட்டம் என் குரலைக் கண்டுபிடிச்சுடும். அப்புறம் எனக்கு க்யூவுல யாரு இடம் குடுப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சவுண்ட் என்ஜினியர் கார்த்தி ரெக்கார்டிங் பட்டனை அணைக்க மறந்துவிட்டான். அதுவும் பதிவாகி, பத்து ஸ்டுடியோக்காரர்கள் கேட்டுவிட்டார்களாம். அவ்வளவுதான் விஷயம். நான் வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

பிளஸ்ஸிக்கு என் அன்பு. பதில் போடு.

உன் அக்கா,
சாமுண்டீஸ்வரி


பாளையங்கோட்டை
ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

பாலுவின் வணக்கம். உன் தொண்டை எப்படி இருக்கிறது? சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் உனக்கே தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. என் முழங்கால் ஏறும்போது ஒத்துழைக்கிறது. இறங்கும்போதுதான் தகராறு.

உன் கடிதத்தைப் பிளஸ்ஸிதான் சத்தமாக வாசித்தாள். 'பொய்யா செத்திருக்கேன்' என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். "மைனிக்கு இருக்க தைரியத்துல கால்வாசி உங்களுக்கு இருந்திருந்தா நீங்க ஹெட்மாஸ்டரா ரிட்டயர் ஆகியிருப்பிய" என்றாள். வாஸ்தவம்.

ஆனால் அக்கா, எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் பயமும் வந்தது. அந்த அப்பாதுரை சும்மா விடுவாரா? கட்சியும் சினிமாவும் ஒரே ஆள் கையில் இருந்தால், ஒரே பையன் கிளாஸ் லீடராகவும் கேள்வித்தாள் அறைச் சாவியை வைத்திருப்பவனாகவும் இருப்பதுபோலத்தான். உனக்கு வேலை வருகிறதா? மறைக்காமல் எழுது.

போன வாரம் ஒரு படம் பார்த்தோம். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டாய். பிளஸ்ஸி என் தொடையில் தட்டினாள். எத்தனை வருடப் பழக்கம் இது! கூட்டத்துக்குக் குரல் கொடுக்கப் பத்துப் பேரை நிற்கவைத்து, "எதையாவது கத்துங்க" என்று டைரக்டர் சொன்னதும், புதுசாக வந்த உனக்கு ஒன்றும் தோன்றாமல், மாடம்பாக்கத்தில் நம் வீட்டு வாசலில் நின்று தினமும் சாயங்காலம் கத்துவதையே கத்தினாய்: "டேய் பாலூ! சாப்பிட வாடா!" அது தெரியாமல் தாம்பரம் தியேட்டரில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்த நான், இருபத்திரண்டு வயசுக் கழுதை, சட்டென்று எழுந்து நின்று, "வந்துட்டேன்க்கா!" என்றேன். தியேட்டரே திரும்பிப் பார்த்தது.

அதிலிருந்து நீ பேசும் ஒவ்வொரு படத்திலும், கூட்டத்துக்கு நடுவில் எங்கோ ஓரிடத்தில் நான் இருக்கிறேன். உலகத்தில் வேறு எந்த வாத்தியாருக்கு இந்தப் பாக்கியம்?

மாமாவுக்கு வணக்கம் சொல்.

உன் தம்பி,
பாலு


சேலையூர்
ஜூலை 30

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே நாடுகிறேன் என்று எழுதி முடிக்கலாம்போல அவ்வளவு வேலை. அதனால்தான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. காலை எட்டே இருபதுக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறுகிறேன், கோடம்பாக்கத்தில் இறங்குகிறேன். ஒரு படத்தில் மாமியார், ஒரு படத்தில் நீதிபதி. டாக்டர் இன்னும் போன் பேச அனுமதிக்கவில்லை. நீ மாமாவுக்கு போன் செய்தாயாமே? அவரிடம் கேட்டு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. என் தொண்டையைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றிச் சொல்வார்.

அந்த எட்டு வார்த்தையை வேறு யாரோ பேசிவிட்டார்கள். நேற்று விளம்பர ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்தது. சரியாக லாரி வந்த நேரம். நாற்பது குடம், நாற்பது பெண்கள், நடுவில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. "தினமும் குழாயில தண்ணி கொட்டுது" என்று அது சொல்லச் சொல்ல, முன்னால் நின்ற காமு, "எந்தத் தெருவும்மா அது? அங்கேயே வாடகைக்கு வூடு பாரு, நாங்களும் வர்றோம்" என்றாள். டிரைவரே இறங்கி ஒரு குடம் பிடித்துக் குடித்தார்.

வேறென்ன? கீரைக்காரர் சக்திவேலுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வண்டியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கி மாட்டியிருக்கிறார். அதில் பதிவு செய்யக் குரல் கொடுங்கள் என்று கேட்டார். பொழுதுபோக்காகக் கொடுத்தேன்.

இங்கே வெயில் குறைந்தபாடில்லை. மொட்டை மாடியில் முருங்கைக்காய் கைக்கெட்டும் உயரத்தில் காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

உன் அக்கா,
சாமுண்டீஸ்வரி


பாளையங்கோட்டை
அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தீபாவளி நல்லபடியாகக் கழிந்ததா? உன் மைசூர்பாகு இல்லாமல் எங்களுக்குக் கழிந்தது. பிளஸ்ஸி முயற்சி செய்தாள். அதை உடைக்க அம்மிக்குழவி தேவைப்பட்டது.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தியேட்டருக்குப் போனேன். ஆகஸ்டில் வந்த படத்தில், கல்யாண வீட்டுச் சந்தடியில் என்னைக் கூப்பிட்டாய். அது முன்பே பேசி வைத்ததாக இருக்கும். செப்டம்பரில் இரண்டு படம். இரண்டிலும் சந்தை இருக்கிறது, பஸ் நிலையம் இருக்கிறது, யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தீபாவளிக்கு இரண்டு படம். ஒன்றில் மாமியார் உண்டு, இன்னொன்றில் நீதிபதியும் உண்டு. இரண்டும் உன் குரல் இல்லை. ஊரே கூடி நிற்கிற பஞ்சாயத்துக் காட்சியில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கந்தனைக் கூப்பிட்டார்கள், மாரியைக் கூப்பிட்டார்கள். பாலுவைக் கூப்பிட ஆள் இல்லை.

வருகைப் பதிவேட்டில் ஒரு பையனுக்கு ஒருநாள் 'ஆப்சென்ட்' என்றால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வேன். இரண்டாம் நாளும் என்றால் சித்தப்பா கல்யாணம். மூன்றாம் நாளும் வரவில்லையென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அக்கா, இப்போது நாலு ஆப்சென்ட் ஆகிவிட்டது.

என்ன நடக்கிறது?

பாலு


பாளையங்கோட்டை
நவம்பர் 16

அக்கா,

இது அஞ்சலட்டை. தபால்காரரும் படிப்பார், படிக்கட்டும். நலமா என்று கேட்கவில்லை. பதில் வராவிட்டால் சைக்கிளுக்குப் பதிலாக நெல்லை எக்ஸ்பிரஸ். பிளஸ்ஸி பெட்டியை இறக்கி வைத்துவிட்டாள்.

பாலு


சேலையூர்
நவம்பர் 21

அன்புத் தம்பி பாலுவுக்கு,

முதலில் அந்தப் பெட்டியைப் பரணில் ஏற்றச் சொல். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உண்மையாகவே. இனி இந்தக் கடிதத்தில் உண்மை மட்டும்தான்.

என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. எந்த டாக்டரிடமும் போகவில்லை. போனில் பேசினால் 'அலோ' என்கிற ஒரே சொல்லில் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். எழுத்தில் என் குரல் கேட்காது என்று நினைத்தேன். பேசாமல் இருந்தாலும் உனக்குக் கேட்கும் என்பது தெரியாமல் போயிற்று.

ஜூன் பத்தாம் தேதியிலிருந்து ஒரு ஸ்டுடியோவும் என்னைக் கூப்பிடவில்லை. கார்த்தி வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அக்கா, பேப்பர்ல எதுவும் எழுதல. எல்லாம் வாய்வழியாத்தான். உங்களை வெச்சுப் பேசினா அந்தப் படத்துக்குத் தியேட்டர் கிடைக்காதுன்னு அப்பாதுரை சார் ஆபீஸ்லேர்ந்து சொல்லியிருக்காங்க." நான் பேசி முடித்த ஓர் அம்மாவுக்குக்கூட மறுபடி வேறொருவரைப் பேசவைத்தார்கள். அந்த அம்மா சாகிற காட்சிக்கு நான் ஒன்பது டேக் கொடுத்திருந்தேன். கூட்டத்தில் நின்று உன்னைக் கூப்பிட்டதையும் சேர்த்து நீக்கிவிட்டார்களாம்.

முதல் ஒரு மாதம் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் எட்டே இருபது ரயில் ஏறினேன். கோடம்பாக்கத்தில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். மாமாவுக்குத் தெரியும். காலையில் தேடிக்கொண்டே இருந்தாரே அந்த டிபன் பாக்ஸ், அதில் எனக்குச் சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

அழுகைப் பகுதி முடிந்தது. இனி வேடிக்கைப் பகுதி.

சக்திவேலுக்குக் கீரைக் குரல் கொடுத்தேன் என்றேனே, அதை எப்படிப் பதிவு செய்தோம் என்று சொல்லவில்லை. வீட்டில் பேசினால் சுவரில் எதிரொலிக்கும். பீரோவைத் திறந்து பட்டுப் புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். மாமா போனைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டார்ட், ஆக்‌ஷன்!" என்றார். என்ன பேசுவது என்று யோசிக்கவேயில்லை, தானாக வந்தது: "டேய் பாலூ! அம்மாவைக் கூப்பிடுடா! அரைக்கீரை வந்திருக்கு, சிறுகீரை வந்திருக்கு!"

மறுநாள் எட்டு மணிக்கு அவர் வண்டி காலியாகிவிட்டது. அது பரவியது. மீன் விற்கும் முத்தாலம்மாள் கோவளம் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாம்மா சினிமாக்காரம்மா, கீரைக்குன்னா ஒரு ஞாயம், மீனுக்குன்னா ஒரு ஞாயமா? நம்ம வஞ்சிரத்துக்கும் ஒரு டயலாக்கு குடேன். நல்லா ஈரோயினி கணக்கா இர்க்கணும்" என்றாள். இருபது வயசுக் காதலி குரலில் வஞ்சிரமும் சங்கராவும் பேசினேன். தெருவில் ஆண்களெல்லாம் கூடையோடு வெளியே வருகிறார்கள். பழைய இரும்புக்காரருக்கு வில்லி. கோலமாவுக்குப் பள்ளிக்கூடச் சிறுமி. உப்பு வண்டிக்குத்தான் தப்பு பண்ணிவிட்டேன். கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டுமே என்று, பிள்ளையைப் பிரிந்த அம்மா குரலில் "உப்பு... உப்பு..." என்று பேசிவிட்டேன். கேம்ப் ரோடு முழுக்க ஜன்னலைத் திறந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடி வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகக்கூடாதே என்று ஆளுக்கு ஒரு படி வாங்கினார்கள்.

இப்போது ராஜகீழ்ப்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் என் குரல் சுற்றுகிறது. வண்டலூர் மிருகக்காட்சிசாலை வாசலில் வெள்ளரிக்காய் விற்கிறேன். சிங்கத்துக்கும் கேட்கும் என்கிறார் மாமா.

சந்தோஷமாக இருக்கிறேன், பாலு. ஆனால் இருட்டு அறையில், திரையில் ஒருத்தி உதடு அசையும்போது அவளுக்குள் புகுந்து பேசுவேனே, அது வேண்டும் எனக்கு. ஒரே ஒருமுறையாவது மறுபடி சினிமாவில் என் குரல் கேட்கவேண்டும். அதை உன்னிடம் மட்டும்தான் சொல்லமுடியும்.

உன் அக்கா,
சாமுண்டீஸ்வரி


பாளையங்கோட்டை
டிசம்பர் 2

என் அன்பான அக்காவுக்கு,

வணக்கம். பெட்டி பரணுக்குப் போய்விட்டது. நாங்கள் நலம், சிரித்ததில் பிளஸ்ஸிக்கு மட்டும் விலா வலி. டிபன் பாக்ஸ் இடத்தில் நான் சிரிக்கவில்லை. மாமாவிடம் சொல், இத்தனை வருடமாக அவரை வெறும் கேரம்போர்டு ஆட்டக்காரர் என்று நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒரு உதாரணம் சொல்லட்டுமா? நீ தடுத்தாலும் சொல்வேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஒலி நடத்தும்போது, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் மின்சார மணியை வைத்து அடிக்கவிடுவேன். பிறகு பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவேன். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும். பையன்கள், "மணி நின்னுடுச்சு சார்!" என்பார்கள். "கிட்ட வந்து பாருங்கடா" என்பேன். உள்ளே சுத்தியல் அடித்துக்கொண்டேதான் இருக்கும். காற்றைத்தான் எடுத்துவிட்டோமே தவிர, மணியை ஒன்றும் செய்யவில்லை.

அப்பாதுரை ஸ்டுடியோவின் காற்றை உறிஞ்சிவிட்டார். கேம்ப் ரோட்டுக் காற்றை உறிஞ்ச அவரிடம் பம்பு இருக்கிறதா?

நீ கடைசியில் எழுதிய ஆசையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தியேட்டருக்குப் போவதை நிறுத்தமாட்டேன், அவ்வளவுதான்.

பிளஸ்ஸி கீழே எழுதுகிறாள்.

மைனிக்கு ஸ்தோத்திரம். எங்க தெருவுல பதநீர் கொண்டுவார அண்ணாச்சிக்குக் குரலே கிடையாது. அவருக்கும் ஒரு டயலாக் பேசி அனுப்புங்க. அதுல பாலு வேண்டாம். இவுகளுக்கு ஏற்கெனவே தலைக்கனம்.

அன்புடன்,
பாலு, பிளஸ்ஸி


சேலையூர்
ஜனவரி 19

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாக ஆயிற்றா? இங்கே கரும்போடு சேர்ந்து ஒரு கதையும் வந்தது. பதநீர் அண்ணாச்சிக்குப் பேசியது தனியாக வருகிறது. அம்மன் வேஷக் குரலில் பேசியிருக்கிறேன், வாங்காமல் போகிறவர்கள் பயப்படுவார்கள்.

எங்கள் தெருவில் சினிமா படப்பிடிப்பு! யாருடைய படம் என்று நினைக்கிறாய்? அப்பாதுரையே எடுக்கிறார். புது டைரக்டராம். செட் போடமாட்டாராம், நிஜத் தெரு, நிஜச் சத்தம்தான் வேண்டுமாம். எதிர்வீட்டைக் கதாநாயகன் வீடாக ஆக்கிவிட்டார்கள். கார்த்தி இப்போது படப்பிடிப்பிலேயே சவுண்ட் பதிவு செய்கிறான். புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு எதிர்வீட்டு மாடியில் மைக்கை நட்டுவிட்டு, "பத்து நிமிஷம் எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க. தெரு எப்பவும் போல இருக்கட்டும். எனக்குத் தெருச் சத்தம் மட்டும் போதும்" என்றான். கோலம் போட்டார்கள், சைக்கிள் போயிற்று, சக்திவேல் வண்டியும் வழக்கம்போல வந்தது. நான் ஜன்னலில் நின்றேன். கார்த்தி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். எனக்குப் பாலைக் காய்ச்சவேண்டியிருந்தது, உள்ளே போய்விட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பாதுரையே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வெயிலு தாங்கலக்கா. கொஞ்ச நேரம் ஃபேன் காத்துல ஒக்காந்துக்கட்டுமா?" என்றார். மாமா மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, எனக்கு உங்க மேல கோவமே கெடயாது. கட்சில நாலு பேருக்கு நான் பதில் சொல்லணும், அதான். அந்த எட்டு வார்த்தைய ஒருக்கா பேசிக் குடுத்துடுங்க. நாளைக்கே எல்லாக் கதவும் தொறந்துடும். இந்தப் படத்துல ஈரோவோட அம்மா முழுக்க நீங்கதான். டைரக்டர் உங்க குரல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

பாலு, முழு அம்மா! தாலாட்டிலிருந்து கடைசி மூச்சு வரை. மாமாவைப் பார்த்தேன். "உன் வாய், உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நான் கண்ணை மூடினேன். மைக் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "எங்க தெருவுல தினமும் குழாயில தண்ணி கொட்டுது, மனசு குளிருது." அவ்வளவு நன்றாக வந்தது, எனக்கே தாகம் தீர்ந்துவிட்டது. அவரும் கண்ணை மூடிக்கொண்டு, "அடடா!" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் பாம்... பாம்... என்று லாரி ஹாரன். காமு கத்தினாள்: "ஏ சாமு! வண்டி வந்துகினு கீது! குடத்த எடு, சீக்கிரம்!"

எனக்கு என்ன தோன்றியதோ, மூலையில் இருந்த பச்சைக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "சார், ஒரு கை குடுங்க. இன்னிக்கு விட்டா அடுத்தது திங்கட்கிழமைதான்."

தயாரிப்பாளர், கட்சிப் பெரியவர், வெள்ளை வேட்டியோடு எங்கள் தெரு வரிசையில் காமுவுக்குப் பின்னால் நின்றார்! காமு திரும்பிப் பார்த்து, "இன்னா சார், உங்க வூட்ல கொட்டுற கொழா ரிப்பேரா?" என்றாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். அவரும் ஒரு நொடி சிரித்துவிட்டார், நான் பார்த்தேன். குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். வேட்டி பாதி நனைந்திருந்தது.

"நல்லாத்தான் பேசினீங்கக்கா. ஆனா பதிவாகலியே" என்றார்.

"பதிவு பண்ண வர மாட்டேன் சார். வீட்டுக்குள்ள உங்களுக்காகச் சொன்னேன். ஊருக்குச் சொல்ல மாட்டேன்."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நேற்றே அம்மா வேஷத்துக்கு வேறொரு பெண்ணைப் பேசவைக்க முடிவாகிவிட்டதாம். டைரக்டர் முகம் தொங்கிப்போய் இருந்தது என்றான் கார்த்தி. அன்று ராத்திரி எனக்கும் கொஞ்சம் அழுகை வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். காலையில் முத்தாலம்மாள் நெத்திலிக்குப் புது டயலாக் கேட்டு வந்துவிட்டாள். நெத்திலிக்கு எந்தக் குரல் பொருந்தும் என்று யோசித்ததில் மனசு மாறிவிட்டது.

நான் செய்தது சரியா? உதாரணம் இல்லாமல் பதில் சொல்.

உன் அக்கா,
சாமுண்டீஸ்வரி


பாளையங்கோட்டை
ஜனவரி 27

அக்கா,

சரி.

(உதாரணம் வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று பிளஸ்ஸியைக் கேள்.)

பாலு


பாளையங்கோட்டை
ஏப்ரல் 18

என் அக்கா சாமுண்டீஸ்வரிக்கு,

ஆயிரம் வணக்கம். நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. இதைத் தியேட்டர் எதிரிலுள்ள டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் பிளஸ்ஸியின் பையிலிருந்த மருந்துக் கடைச் சீட்டு, பின்பக்கம்.

இன்று அப்பாதுரை படம் வந்தது. போகவேண்டாம் என்றாள் பிளஸ்ஸி. "அந்தாளு படத்துக்கு நாம எதுக்குப் போணும்?" வெள்ளிக்கிழமையாயிற்றே, கால் போய்விட்டது.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவாகப் பேசிய பெண்ணும் குறை வைக்கவில்லை, நீ கோபித்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும். கல்யாணக் கூட்டம் வந்தது, கட்சிக் கூட்டம் வந்தது. பழக்கத்தில் காதைத் தீட்டினேன். இல்லை. சரி, இருக்காது என்று தெரிந்துதானே வந்தோம் என்று முறுக்கைப் பிரித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. அம்மா இறந்து பதினாறாம் நாள் முடிந்திருக்கிறது. கதாநாயகன் விடிகாலையில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான், இனித் திரும்ப வரப்போவதில்லை என்று. வசனம் இல்லை, இசை இல்லை. உங்கள் தெருதான், அக்கா! மாமாவின் சைக்கிள்கூட ஓரத்தில் தெரிகிறது. தண்ணீர் தெளிக்கிற சத்தம், கோலமாவு டப்பா சத்தம், ஒரு காக்கை. தியேட்டரில் ஒருவர்கூட இருமவில்லை. அவன் கேட்டைத் திறக்கிறான். அப்போது, எங்கோ தெருமுனையிலிருந்து,

"டேய் பாலூ! அம்மாவைக் கூப்பிடுடா!"

அவன் நின்றுவிட்டான். அம்மாவைக் கூப்பிடு என்று யாரோ யாரையோ சொல்ல, அம்மா இல்லாத அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். "அரைக்கீரை வந்திருக்கு, சிறுகீரை வந்திருக்கு!" முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு முன்வரிசையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போய்விடுகிறான் அவன். படமே அங்கேதான் திரும்புகிறது, அக்கா. அந்தப் படத்தில் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு கூப்பாட்டை மட்டும் எடுத்தமாதிரி தெரியவில்லை, தானாக நடந்தமாதிரி இருக்கிறது. கார்த்திக்கு இந்தத் தடவையும் பட்டனை அணைக்க மறந்துவிட்டது போலிருக்கிறது. டைரக்டருக்கும் வெட்ட மறந்துவிட்டது. இப்படி மறதிக்காரர்கள் எனக்கு வகுப்பில் கிடைத்திருந்தால் எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

அப்பாதுரை இதைக் கேட்டாரோ, கேட்டும் விட்டாரோ, எனக்குத் தெரியாது. அவர் படத்தில், அவர் செலவில், நீ இருக்கிறாய். இன்று காலையிலிருந்து தமிழ்நாடு முழுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கவில்லையே? அறுபது வயசு, முழங்கால் வேறு. உன் குரல் கேட்ட அந்த நொடி, முறுக்கெல்லாம் சிதற, எழுந்து நின்று கத்திவிட்டேன்: "வந்துட்டேன்க்கா!"

பின்னால் இருந்தவர், "யோவ், ஒக்காருய்யா!" என்றார். வழக்கமாக என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிற பிளஸ்ஸி இருக்கிறாளே, அவளும் எழுந்து என் பக்கத்தில் நின்று, திரையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே, எங்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தபோது மைதானம் முழுக்கக் கேட்குமே அந்தக் குரலில் சொன்னாள்:

"இந்தா இருக்காவ, மைனி! கூட்டிட்டு வாரேன்!"

நாளை மாலை நெல்லை எக்ஸ்பிரஸ். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை தாம்பரத்தில் இறங்குவோம். கடிதம் முந்துமோ, நாங்கள் முந்துவோமோ, சக்திவேல் வண்டியில் ஒரு கட்டு எடுத்து வைக்கச் சொல்.

கூப்பிட்ட குரலுக்கு வந்துகொண்டிருக்கும்
பாலு